விரையும் பலகையும் விளக்கும் தமிழும்

கால்நடையாய்ச் சென்ற மனிதன் காளை பூட்டினான்; குதிரை ஏறினான்; மிதிவண்டி மிதித்தான்; பின்னர் எந்திர ஊர்தி கண்டான். விரைந்து செல்லும் வேட்கை அவனோடு உடன்பிறந்தது. அவ்வேட்கையை அடக்க முயல்வதினும் நெறிப்படுத்த முயல்வதே கற்றோர் கடனாகும். இக்கருத்தை மனத்தில் இருத்தி, தமிழ்த்துறை மலரில் பலரும் எதிர்பாராத ஒரு பொருளைப் பற்றி எழுத முற்படுகிறேன். மின்சாரத்தால் விரைந்தோடும் சறுக்குப்பலகையைப் பற்றியது இக்கட்டுரை. 'இதற்கும் தமிழ்த்துறைக்கும் என்ன தொடர்பு?' எனப் புருவம் உயர்த்தும் பெரியோர்கள், கட்டுரையின் இறுதிவரை பொறுத்தருள வேண்டுகிறேன்.

சில திங்களுக்கு முன், உறவினர் இல்லத் திருமணம் ஒன்றின் பொருட்டுப் புதுவையை அடுத்த வில்லியனூருக்குச் சென்றிருந்தேன். வழியில் என் வண்டியின் சக்கரத்தில் காற்று இறங்கிவிடவே, ஒரு பஞ்சர் கடையை நாடினேன். கடையின் ஓரத்தில் ஓர் இளைஞன் தரையில் அமர்ந்து, ஒரு மரப்பலகையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தான். கடைக்காரரின் தம்பி மகன், பாலிடெக்னிக்கில் படிப்பவன். பலகையின் அடியில் நான்கு சிறு சக்கரங்கள். பின்சக்கரம் ஒன்றோடு பல் வைத்த பெல்ட்டால் இணைந்த ஒரு மோட்டார். கருப்பு டேப் சுற்றிய ஒரு பேட்டரிப் பொதி. "நாற்பது கிலோமீட்டர் வேகம் போகும் சார்" என்றான். குரலில் பெருமிதம் இருந்தது. முழங்கையில் இன்னும் ஆறாத காயமும் இருந்தது.

"இதையெல்லாம் யாரிடம் கற்றுக்கொண்டாய், தம்பி?" என்று கேட்டேன்.

"வீடியோ பார்த்துத்தான் சார். அவங்க இங்கிலீஷ்ல பேசுறது பாதிதான் புரியும். மீதியைப் படத்தைப் பார்த்தே செஞ்சுக்குவேன்."

அவனைப் பாராட்டிவிட்டு வந்தேன். ஆயினும் அந்த விடை என்னை விட்டு நீங்கவில்லை. புரிந்த பாதியைக் கொண்டு அவன் ஒரு விரைவூர்தியையே செய்துவிட்டான். புரியாத மறுபாதியில் என்னதான் இருந்தது? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாகும்.

பலகை வந்த வழி

கடல் அலைமீது பலகையிட்டுச் சறுக்கி விளையாடிய கலிபோர்னிய இளைஞர்கள், அலை இல்லாத நாட்களில் தரையிலும் சறுக்க விரும்பிப் பலகைக்குச் சக்கரம் பூட்டியது 1950களில். அதுவே 'ஸ்கேட்போர்டு' எனப்படும் சறுக்குப்பலகை. 1970களின் நடுவில் அதற்குப் பெட்ரோல் எந்திரம் பொருத்தியோர் உண்டு. இரைச்சலும் புகையும் மிகுந்த அப்படைப்பு நிலைக்கவில்லை. 1990களில் லூயி ஃபிங்கிள் என்பவர், கையடக்கமான கம்பியில்லாக் கருவியால் இயக்கப்படும் மின்பலகைகளை உருவாக்கினார். எனினும் அந்நாளைய ஈய பேட்டரியின் பாரம் அதன் வேகத்துக்குத் தடையாயிற்று.

அத்தடையை உடைத்தது லித்தியம் அயனி மின்கலம். 1991ஆம் ஆண்டு சோனி நிறுவனம் அதனை முதன்முதலில் விற்பனைக்குக் கொணர்ந்தது. அக்கண்டுபிடிப்புக்கு அடித்தளமிட்ட ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஈய பேட்டரியில் பன்னிரண்டு கிலோ எடைக்குக் கிடைத்த ஆற்றல், இப்போது ஏறத்தாழ இரண்டு கிலோ எடையில் அடங்கிற்று. கைப்பேசிக்காகவும் மடிக்கணினிக்காகவும் வளர்ந்த மின்கலம், இளைஞர் கைக்குள் வேகத்தைக் கொண்டுவந்து சேர்த்தது.

2010களின் நடுவில் சுவீடன் நாட்டுப் பொறியாளர் பெஞ்சமின் வெட்டர், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று ஒன்றை வடிவமைத்து, அதன் வரைபடத்தையும் நிரலையும் உலகோர் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவைத்தார். அதன்பின் வீட்டுக் கூடத்திலேயே மின்பலகை செய்வோர் பெருகினர். 2015ஆம் ஆண்டு, மலைச்சரிவில் சறுக்கிப் பல்லாண்டு பழகிய கனடா நாட்டு வீரர் மிஷோ எர்பன், ஸ்லோவேனியாவில் மின்பலகைமீது மணிக்கு 95.83 கிலோமீட்டர் வேகத்தை எட்டி உலகச் சாதனை படைத்தார். இச்செய்தியும் படமும் நம் ஊர்ப் பிள்ளைகளின் கைப்பேசிக்கு வந்து சேர்கின்றன. அவருடைய பல்லாண்டுப் பயிற்சி மட்டும் வந்து சேர்வதில்லை.

சறுக்குப்பலகை நம் கடற்கரைக்கு அயலானதும் அன்று. புதுவைக்கு வடக்கே மாமல்லபுரத்தில் சறுக்குப்பலகை ஓட்டிய ஒரு சிறுமியையும் அவள் தாயையும் பற்றிய 'கமலி' என்னும் ஆவணப்படம் 2019இல் வெளிவந்து, மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் சறுக்குப்பலகை முதன்முறையாக ஒரு போட்டியாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆதலின் இதனை வீண் விளையாட்டு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் முறையன்று.

பலகைக்குள் ஒரு பாடநூல்

ஊர் திரும்பியதும், எங்கள் இயற்பியல்துறை நண்பரிடம் நான் கண்டதை விவரித்தேன். அவர் ஒரு தாளை எடுத்து, நாற்பது கிலோமீட்டர் என்ற அவ்விளைஞனின் கணக்குச் சரிதானா என்று பார்க்கத் தொடங்கினார். அக்கணக்கு எளியது, நம் மாணவர் எவர்க்கும் புரிவது.

ஒரு லித்தியம் மின்கலத்தின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். பத்து மின்கலங்களை வரிசையாக இணைத்தால் 36 வோல்ட். இத்தகைய மோட்டார்களில் ஒருவகை, ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 190 சுற்றுச் சுழல்வது. ஆக, 36 வோல்ட்டுக்கு 6840 சுற்று. மோட்டாரின் பற்சக்கரத்தில் 15 பல்லும் சக்கரத்தின் பக்கம் 36 பல்லும் இருப்பின், சக்கரம் நிமிடத்துக்கு 2850 முறை சுழலும். சக்கரத்தின் விட்டம் 9 சென்டிமீட்டர். சுற்றளவு ஏறத்தாழ 28 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 806 மீட்டர். மணிக்கு 48 கிலோமீட்டர். ஆளின் பாரத்தையும் காற்றின் தடையையும் கழித்தால் நாற்பது. "பையன் சொன்னது சரி" என்றார் நண்பர்.

எண்ணிப் பாருங்கள். விகிதம், வட்டத்தின் சுற்றளவு, மின்னழுத்தம், உராய்வு, ஆற்றல் மாற்றம் எனப் பள்ளியில் நாம் தனித்தனியே மனனம் செய்த பாடங்கள் அனைத்தும் மூன்றடி நீளப் பலகை ஒன்றில் ஒருங்கே அமைந்துள்ளன. தேர்வுத்தாளில் எழுதிய விடை பிழையானால் மதிப்பெண் குறையும். இங்கே விடை பிழையானால் பலகை நகராது. பலகையே தேர்வாளராக அமைந்த இக்கல்வியை விளையாட்டு என்று யார் சொல்ல வல்லார்?

புரியாத மறுபாதி

கணக்கை முடித்த நண்பர் மூன்று வினாக்களைத் தொடுத்தார். "மின்கலங்களை ஈயப்பற்று வைத்துச் சேர்த்திருந்தானா, நிக்கல் தகடு வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்திருந்தானா? பொதிக்கு ஃபியூஸ் இருந்ததா? இரவில் எங்கே வைத்துச் சார்ஜ் போடுகிறான்?"

முதல் இரண்டுக்கும் எனக்கு விடை தெரியவில்லை. மூன்றாவதற்குத் தெரியும். பேச்சுவாக்கில் அவனே சொல்லியிருந்தான்: கட்டிலுக்கு அடியில். நண்பரின் முகம் மாறிற்று.

அவர் விளக்கியதை என் மொழியில் தருகிறேன். லித்தியம் அயனி மின்கலத்தினுள் இருப்பது எளிதில் தீப்பற்றும் நீர்மம். நிறைவான மின்னேற்றத்தில் ஒரு மின்கலம் 4.2 வோல்ட்டைத் தாண்டலாகாது. பத்து மின்கலங்கள் வரிசையில் நிற்கும்போது ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அனைத்தையும் சமனில் வைத்து, எல்லை மீறியதும் இணைப்பைத் துண்டிப்பதற்கெனவே 'பி.எம்.எஸ்.' எனப்படும் காவற்சுற்று உண்டு. அது இல்லையேல் ஒரு மின்கலம் மிகையாக ஏறிச் சூடாகும். சூடு உள்வினையைத் தூண்டும். உள்வினை மேலும் சூட்டைப் பெருக்கும். ஒன்றில் பற்றிய தீ அடுத்ததற்குத் தாவும். நாற்பது மின்கலம் கொண்ட பொதி சில நிமிடங்களில் நச்சுப்புகையும் தீயுமாக வெடிக்கும். ஈயப்பற்றுக் கோலை மின்கலத்தின்மீது நெடுநேரம் அழுத்தினால் அச்சூடே அதன் உள்ளமைப்பைக் கெடுத்துவிடும். கேடு அன்றே வெளிப்படாது. ஒரு மாதம் கழித்து, ஓர் இரவில் வெளிப்படும்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், வேலூர் அருகே ஒரு வீட்டில் இரவில் மின்னேற்றத்துக்கு வைத்திருந்த மின்ஸ்கூட்டர் தீப்பற்றிற்று. புகை சூழ்ந்ததில் தந்தையும் பள்ளி மாணவியான மகளும் உயிர்நீத்தனர். அவ்வாண்டில் நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய தீ நிகழ்ச்சிகள் நேர்ந்தன. அதன் பின்னரே நடுவண் அரசு மின்னூர்தி பேட்டரிகளுக்கான தரவிதிகளைக் கடுமையாக்கி, டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. தொழிற்சாலையில் செய்த பேட்டரிக்கே இந்நிலை. பஞ்சர் கடையின் ஓரத்தில் டேப் சுற்றிச் செய்த பேட்டரியைச் சோதிக்க எந்த அலுவலர் வருவார்? செய்பவனே சோதிப்பவனாகவும் இருந்தாக வேண்டும். அதற்கு அவனுக்குப் புரியும் மொழியில் அறிவு வேண்டும்.

புரியாத மறுபாதியில் இருந்தவை எச்சரிக்கைகள் என்பது இப்போது தெளிவாகும். எப்படிப் பொருத்துவது என்பதைப் படம் காட்டிவிடும். ஏன் அப்படிப் பொருத்தலாகாது என்பதைச் சொல்லால் மட்டுமே உணர்த்த முடியும். படத்திற்கு 'கூடாது' என்னும் சொல் தெரியாது.

முட்டுக்கட்டையின் மேன்மை

வேகத்தைப் போலவே நிறுத்தத்திற்கும் ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 20 கிலோமீட்டரில் செல்பவன் இடையூறு கண்டு, ஒரு நொடியில் தன் கைவிரலை அசைத்து, சீராகத் தடுத்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 11 மீட்டர் கடந்திருப்பான். நாற்பதில் செல்பவனுக்கு 30 மீட்டருக்கு மேல் வேண்டும். வேகம் இரட்டிக்கும்போது, தடுக்கத் தொடங்கியபின் ஓடும் தொலைவு நான்கு மடங்காகிறது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுவரில் மோதுவது, ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டாம் மாடியின் தளத்திலிருந்து, விழுவதற்கு ஒப்பாகும். சறுக்குப்பலகையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இல்லை. கட்டிக்கொள்ள வாரும் இல்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. மின்பலகையின் தடுப்பு பெரும்பாலும் மோட்டாராலேயே நிகழ்வது. தடுக்கும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறி, பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். பேட்டரி முழுதும் நிறைந்திருக்கும் வேளையில் அம்மின்சாரம் செல்ல இடமில்லை. அப்போது காவற்சுற்று இணைப்பைத் துண்டித்தால் தடுப்பும் அற்றுப்போகும். வீட்டில் முழுமையாகச் சார்ஜ் போட்டுக்கொண்டு உடனே பாலத்தின் இறக்கத்தில் இறங்குபவன், நிறுத்த முடியாத பலகைமீது நிற்பவன் ஆகிறான். இதுவும் அந்த மறுபாதியில் இருந்த செய்தியே.

வில்லியனூர் மக்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. அவ்வூர்த் தேரோட்டம் பெயர்பெற்றது. பிரெஞ்சு ஆட்சியில் ஆளுநரே வந்து வடம் பிடித்த மரபு, இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பதாகத் தொடர்கிறது. வடம் பிடிப்போர் பல்லாயிரவர். அத்தனை பேர் இழுக்கும் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் வல்லவர்கள், சக்கரத்தின் கீழே முட்டுக்கட்டை இடும் சிலரே. எந்த நொடியில், எந்தச் சக்கரத்தில், எந்தச் சாய்வில் கட்டையை இடுவது என்பது தலைமுறை தலைமுறையாகக் கைம்மாறி வந்த கலை. 'முட்டுக்கட்டை போடுதல்' என்பதை இன்று இகழ்ச்சிச் சொல்லாக்கிவிட்டோம். முட்டுக்கட்டை இடத் தெரியாத ஊரில் தேர் ஓட முடியாது. பலகை செய்யும் இளைஞனும் முதலில் முட்டுக்கட்டை செய்யக் கற்க வேண்டும். வேகம் பின்னர் வரட்டும்.

சாலையும் சட்டமும்

புதுவையின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூர்ப் பகுதியின் சாலைகளை எண்ணிப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையின் பாதியில் நெல் காயும். வைக்கோல் பரந்து கிடக்கும். ஆடு மாடுகள் குறுக்கே செல்லும். வண்ணம் பூசாத வேகத்தடைகள் திடீரென எதிர்ப்படும். மோட்டார் சைக்கிளின் பெரிய சக்கரம் ஏறிக் கடந்துவிடும் சிறு கல்லில், ஒன்பது சென்டிமீட்டர்ச் சக்கரம் முட்டி நின்றுவிடும். பலகை நிற்கும், ஆள் நிற்கமாட்டான். அந்த வில்லியனூர் இளைஞனின் முழங்கைக் காயத்துக்கும் ஒரு கூழாங்கல்லே காரணம்.

சட்டம் சொல்வதையும் அறிதல் நலம். நடுவண் மோட்டார் ஊர்தி விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்து, அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் அதனை உறுதிசெய்தால்தான் பேட்டரி ஊர்திக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. வீட்டில் செய்த நாற்பது கிலோமீட்டர்ப் பலகை இவ்விலக்குக்குள் அடங்காது. பதிவெண்ணும் காப்பீடும் பெறவும் அதற்கு வழியில்லை. ஆகவே பொதுச்சாலை அதற்குரிய இடமன்று. சறுக்குப்பலகையின் தாயகமான கலிபோர்னியாவே 2016ஆம் ஆண்டு முதல்தான் மின்பலகைக்குச் சாலையில் இடம் தந்தது. அதுவும் 16 வயது நிரம்பியோர்க்கு, தலைக்கவசத்துடன், மணிக்கு 15 மைல் அளவாகிய 24 கிலோமீட்டருக்கு மேற்படாமல்.

தடையா, இடமா?

இவ்வளவும் கேட்ட பெரியோர், 'அப்படியானால் தடுத்துவிடுவதே நல்லது' எனக் கருதக்கூடும். அவர்களின் அச்சம் அன்பின் விளைவு, அதனை மதிக்கிறேன். ஆயினும் அம்முடிவை ஏற்க இயலவில்லை. தடுக்கப்பட்ட பிள்ளை செய்வதை நிறுத்துவதில்லை, சொல்வதைத்தான் நிறுத்துகிறான். கடை ஓரத்தில் வெளிச்சத்தில் நடந்த வேலை, கதவடைத்த அறையில் நடக்கும். சார்ஜ் போடும் பெட்டி கட்டிலின் அடியிலேயே இருக்கும்.

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு, பள்ளிப்படிப்பில் நாட்டமில்லாதவர். வெள்ளை அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவுவிடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அத்தகைய வண்டியை வாங்கி, ஓட்டுவதோடு அமையாமல் அதனைப் பிரித்துப் பிரித்துப் பூட்டிக் கற்றார். அவரும் பாலசுந்தரமும் சேர்ந்து 1937இல் உருவாக்கிய மோட்டார், இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுகிறது. நம் காலத்திலும், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற இளைஞர் இருவர் 2013இல் தொடங்கிய ஏத்தர் நிறுவனம், இன்று ஓசூர் ஆலையில் மின்ஸ்கூட்டர்களைச் செய்கிறது. இவ்விருவருக்கும் வழிகாட்டும் ஆசிரியரும், பரிசோதிக்கும் கூடமும், பேசிப் புரிந்துகொள்ளும் மொழியும் கிட்டின. வில்லியனூர் இளைஞனுக்கும் அவர்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு அறிவில் இல்லை. கிட்டிய இடத்தில்தான் இருக்கிறது.

தமிழின் கடன்

பெரியோர் கேட்ட வினாவுக்கு இப்போது வருகிறேன். இதில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை?

நண்பர் சொன்னவற்றை நான் இரண்டு பக்க அளவில் தமிழில் எழுதி, அந்த இளைஞனுக்கு அனுப்பினேன். தமிழாசிரியன் அல்லவா? 'மிகை மின்னோட்டக் காப்பிழை பொருத்துக' என்று அழகுறவே எழுதியிருந்தேன். மறுநாள் அவனிடமிருந்து தொலைபேசி வந்தது. "நல்லா எழுதியிருக்கீங்க சார். ஒரே ஒரு சந்தேகம். காப்பிழைன்னா ஃபியூஸா?"

வெட்கினேன். ஆங்கிலத்தில் பாதி புரியாமல் போனது போதாதென்று, என் தமிழிலும் பாதி புரியாமல் செய்திருந்தேன். அன்று கற்ற பாடம் இது: உயிர்காக்கும் குறிப்பில் பட்டறை வழங்கும் சொல்லே முதற்சொல். மெக்கானிக்கின் நாவில் ஃபியூஸ், பேரிங், கன்ட்ரோலர், சார்ஜ் என்றே வழங்கினால், கையேடும் அவ்வாறே தொடங்கட்டும். தமிழ்ச்சொல்லை அருகில் வைப்போம். பழகப் பழக அது முன்னே வரும். எச்சரிக்கையில் தூய்மையைவிடத் தெளிவே பெரிது. இக்கருத்தில் என்னோடு உடன்படாத தமிழறிஞர்கள் உண்டு என்பதை அறிவேன். தமிழ்மீது அவர்கள் கொண்ட பற்றில் எனக்கும் பங்குண்டு. ஆனால் தீப்பற்றும் நேரத்தில் அகராதி தேட எவராலும் இயலாது.

அறிவியலைத் தமிழில் சொல்ல முடியுமா என்னும் ஐயம் நெடுநாள் முன்னரே தீர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிரீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்குரிய நூல்களையும் தமிழில் ஆக்கினார். நம் காலத்தில் மணவை முஸ்தபா அவர்கள், யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்பை ஆசிரியராக இருந்து நடத்தி, அறிவியல், மருத்துவம், கணினி ஆகிய துறைகளுக்குக் கலைச்சொற் களஞ்சியங்களைத் தொகுத்தளித்தார். 2017இல் மறைந்த அப்பெருமகனார் சொற்களைத் திரட்டித் தந்துவிட்டார். அச்சொற்களைப் பஞ்சர் கடைக்கும், வெல்டிங் பட்டறைக்கும், மோட்டார் வைண்டிங் கடைக்கும் கொண்டுசேர்க்கும் பணி நம்மிடம் எஞ்சியுள்ளது.

அதனை எவ்வாறு எழுதலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு:

பேட்டரியில் நேரடியாக ஈயப்பற்று வைக்காதே. நிக்கல் தகட்டை ஸ்பாட் வெல்டிங் செய். பி.எம்.எஸ். இல்லாமல் சார்ஜ் போடாதே. ஃபியூஸ் வைக்காமல் மோட்டாரை இணைக்காதே. தூங்கும் அறையிலும், வெளியேறும் வாசலிலும் சார்ஜ் போடாதே. விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் போடு. பேட்டரி உப்பினாலும் அடிபட்டாலும் மீண்டும் பயன்படுத்தாதே. முழுச் சார்ஜில் இறக்கத்தில் இறங்காதே. ரிமோட்டின் தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே ஓய்கிறதா என்று, பலகையைக் கவிழ்த்து வைத்துச் சோதித்துப் பார். தலைக்கவசம் இல்லாமல் பலகைமீது கால் வைக்காதே.

இதில் கடுஞ்சொல் எதுவுமில்லை. பத்தாம் வகுப்பு முடிக்காத பிள்ளையும் படித்து உணரலாம். இலக்கணப் பிழையின்றி, ஐயத்துக்கு இடமின்றி, ஒரு வரிக்கு ஒரு பொருள் என எழுதுவது தமிழ் கற்றவன் செய்யக்கூடிய வேலை. சொல்வது பிழையற்றதா எனப் பார்ப்பது இயற்பியல் கற்றவன் வேலை. இருவரும் ஒரு மேசையில் அமர்ந்தால் நாற்பது பக்கக் கையேடு ஒன்றை ஒரே பருவத்தில் முடிக்கலாம்.

பாகூர் காட்டும் வழி

இத்தகைய முயற்சிக்கு முன்னோடி எங்கே என்று தொலைவில் தேட வேண்டுவதில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள், அந்நாளில் வாகூர் என வழங்கிய அவ்வூரில் இருந்த வித்தியாதானம் என்னும் கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களின் வருவாய் வழங்கப்பட்டதைக் கூறுகின்றன. நெல் விளையும் ஊர், தன் விளைச்சலில் ஒரு பகுதியை அறிவுக்கு ஒதுக்கியது. கற்போர் ஊரைவிட்டு ஓடாமல், ஊரே கற்போரைத் தாங்கியது.

இன்று மூன்று ஊர்களின் வருவாய் தேவையில்லை. மாலை நேரத்தில் திறந்திருக்கும் ஓர் அறை போதும். அதில் ஒரு வெல்டிங் கருவி, ஓர் அளவைமானி, மணல் நிரப்பிய இரண்டு வாளி, தீயணைக்கும் உருளை, தீப்பற்றாத தரைமீது சார்ஜ் போடும் ஒரு மேடை, ஒரு பொறுப்பாசிரியர் ஆகியவை இருக்க வேண்டும். ஓட்டிப் பார்க்கச் சுற்றுச்சுவர் உள்ள ஒரு திடலும், கடனாகத் தரப் பத்துத் தலைக்கவசமும் வேண்டும். தொடக்கத்தில் வேக எல்லை மணிக்கு 20 கிலோமீட்டர்; நிறுத்தத் தேர்வில் தேறியவனுக்கே அதற்கு மேல். சமுதாயப் பெரியோர் மண்டபங்களுக்கும் வளைவுகளுக்கும் வாரி வழங்குகின்றனர். அவ்வள்ளன்மையில் ஒரு சிறு கூறு இங்கும் திரும்புமாயின், பல இல்லங்களில் கட்டிலின் அடியில் கிடக்கும் பெட்டிகள் மேடைமீது வந்துவிடும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். செய்யுங்கள்; தயங்காமல் செய்யுங்கள். மண்ணைப் பிசைந்து உருவம் வனையும் சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் வில்லியனூர். சூளையின் சூட்டை அறியாத குயவனின் கலம் வெடித்துவிடும் என்பதை அவ்வூர் மண்ணே சொல்லும். நீங்கள் செய்யும் பொருளின் சூட்டை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். உலகச் சாதனையின் எண்ணைக் கேட்டு மயங்காதீர்கள். நீங்கள் ஓட்டும் பலகை எத்தனை மீட்டரில் நிற்கும் என்ற எண்ணைக் கேட்டால் உடனே சொல்ல வல்லவராக இருங்கள். தெரியாததைத் தெரியாது என்று கேட்கும் துணிவே பொறியாளனின் முதற்கருவி.

அந்த இளைஞன் பின்னர் ஒருமுறை பேசினான். பழைய பொதியைப் பிரித்துவிட்டு, ஃபியூஸும் பி.எம்.எஸ்.ஸும் வைத்துப் புதிதாகக் கட்டியிருக்கிறானாம். சார்ஜ் போடும் இடம் வீட்டுக்கு வெளியே, கூரையிட்ட திண்ணைக்கு மாறிவிட்டதாம். "இன்னும் ரெண்டு பக்கம் எழுதித் தாங்க சார், பிரேக்கைப் பத்தி" என்று கேட்டான்.

தமிழ்த்துறை மாணவர்களிடம் இவ்வளவு ஆவலோடு எவரும் எதையும் எழுதித் தரும்படி கேட்டதுண்டா? கேட்கும் குரல் வந்துவிட்டது. எழுதும் கை நம்முடையதாகட்டும்.